கருப்புப் பெயின்ட் அடித்த முகம்

ஜமீலாவின் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. ஹீரோவின் முகம் வெளியே தெரியக் கூடாது.

ரேணிகுண்டாவில் லாரி ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை அது. ஆறு தையல் மெஷின், ஒரு வெட்டுப் பலகை, ஃப்ளெக்ஸ் ஓரத்தில் கயிறு கோக்கப் பித்தளை வளையம் அடிக்கும் கை பிரஸ் ஒன்று. படம் ஓடி முடிந்ததும் ரசிகர் சங்கத்துக்காரர்கள் அவிழ்த்துப் போடும் பேனர்களை அவள் அள்ளிக்கொண்டு வருவாள். அவற்றில் பள்ளிப் பைகள் தைப்பார்கள். மழைக்குப் போடும் விரிப்புகளும் தைப்பார்கள். அச்சடித்த பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. ஹீரோவின் முகம் எங்கே வருகிறதோ அதை மட்டும் மாசிலாமணி தனியாக வெட்டி எடுத்துவிடுவார். வெட்டிய முகத்தைக் குப்பையில் போடுவதில்லை, கொளுத்துவதுமில்லை. பையின் முதுகுப் பக்கத்தில் இரண்டு துணிக்கு நடுவில் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

"எத்தனை பசங்க முதுகுல ஹீரோ பதுங்கிக்கினு இஸ்கூலுக்குப் போறாரோ" என்பார் மாசிலாமணி, கத்தியை வைப்பதற்கு முன்னால்.

வடமாலபேட்டைக்காரர். ஐம்பத்திரண்டு வயது. பதினைந்து வருஷம் தியேட்டர் வாசலில் சவுக்குக் கம்பு ஏறி கட்அவுட் கட்டியவர். ரசிகர்களை அவருக்குத் தெரியும். "சாமி படத்தை மிதிச்சுட்டா நாம கன்னத்துல போட்டுக்கினு போயிடலாம். ஹீரோ படத்தை மிதிச்சா கன்னத்துல அவங்க போடுவாங்க" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்.

இந்தத் தொழிலை ஜமீலாவுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பள்ளிப்பட்டில் பிறந்து, கல்யாணமாகி ரேணிகுண்டாவுக்கு வந்தவள். புருஷன் குவைத்துக்குப் போனான்; முதலில் பணம் நின்றது, பிறகு போன் நின்றது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் கார் சீட்டுக்கு உறை தைத்தாள். இருபத்தொன்றாம் வருஷம் நவம்பரில் திருப்பதியே தண்ணீரில் நின்றதே, அந்த வாரம் அவள் வீட்டு ஓடு சரிந்தது. தண்ணீருக்குள் நடந்துபோய், மேம்பாலத்தடியில் கிழிந்து தொங்கிய ஒரு ஹோர்டிங்கைச் சமையல் கத்தியால் அறுத்து, தோளில் சுமந்து வந்து கூரை மேல் போட்டாள். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. மூன்றாம் நாள் தெருவில் பதினோரு வீட்டுக்கு அவளே கூரை போட்டுக் கொடுத்திருந்தாள். நாலாம் நாள் மெஷின் வாங்கினாள்.

சட்டம் மீறப்பட்டது ஒரு ஜூன் மாதத்தில்.

சித்தூர் மாங்காய் மண்டியிலிருந்து போன் வந்தது. பெங்களூரா ரக மாங்காய் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, முப்பது பெரிய விரிப்பு இன்றைக்கே வேண்டும். பட்டறையில் இருந்ததெல்லாம் யுவதேஜின் புதுப்பட பேனர்கள். யுவதேஜ் என்றால் நடிகர் மட்டுமில்லை. தியேட்டர்கள், மாம்பழ ஜூஸ் கம்பெனி, ஏழைகளுக்கு ஒரு ஃபவுண்டேஷன், எல்லாம் உண்டு. விரிப்பில் முகத்தை வெட்டி எடுத்தால் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் மழை இறங்கும்.

"பெயின்ட் அடிச்சு மறைச்சுடுங்கண்ணே" என்றாள் ஜமீலா.

மாசிலாமணி மூலையில் பார்த்தார். வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த அரை டின் இருந்தது. "கருப்புதாம்மா இருக்குது. வெள்ளை வாங்கியாரட்டா?"

"மழை வந்துக்கினு இருக்குது. இருக்கறதை அடிங்க."

அவர் ஒரு நிமிஷம் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அடித்தார். முப்பது முகம்.

மண்டியில் மழை முந்திக்கொண்டது. குவியலை மூட வாங்கிய விரிப்பைச் சேற்றின் மேல் தரையில் விரித்து, அதன் மேல் மாங்காயைக் கொட்டினார்கள். எந்தப் பக்கம் மேலே என்று யாரும் பார்க்கவில்லை. யாரோ ஒரு பையன் போட்டோ எடுத்துப் போட்டான். கருப்புப் பூசிய முகம், கீழே பெரிய எழுத்தில் யுவதேஜ் பெயர், ஒரு சுமைகூலிக்காரரின் சேற்றுக் கால். மறுநாள் விடிவதற்குள் அந்தப் போட்டோ இரண்டு மாவட்டத்துப் போன்களிலும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதினான்கு பைக் வந்து நின்றது.

முன்னால் வந்தவன் ரமணா. ரேணிகுண்டா யுவதேஜ் ரசிகர் சங்கத்தின் செயலாளர். பழைய பேனரையெல்லாம் பட்டறைக்குக் கொடுப்பவனே அவன்தான். அக்கா அக்கா என்று அந்த வாசலில் உட்கார்ந்து டீ குடித்தவன். ஹீரோ பேரில் முப்பத்தொரு தடவை ரத்தம் கொடுத்தவன். சர்டிபிகேட்டுகளைப் போனில் வைத்துக் காட்டுவான். அன்றைக்கு அவன் கையில் சவுக்குக் கம்பு. கட்அவுட்டுக்குக் கட்டும் அதே கம்பு.

"பாஸ் மொகத்துல கரி பூசினது எவன்?" தெலுங்கில் கேட்டான். பதில் வராததால் தமிழில் கேட்டான்.

மெஷின்களில் இருந்த பெண்கள் எழுந்தார்கள். "ரமணா, உட்காருப்பா. நான் சொல்றேன்" என்று ஜமீலா ஆரம்பித்தாள். பின்னால் வந்தவன் முதல் மெஷினைக் கம்பால் அடித்துக் கவிழ்த்தான். அது விழுந்த வேகத்தில் சக்கரம் கழன்று சுவர்வரை உருண்டது. இரண்டாவது மெஷினை இருவர் தூக்கி மூன்றாவதன் மேல் போட்டார்கள். பவ்யா என்ற தையற்காரப் பெண்ணின் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துத் தள்ளினார்கள். மற்றவர்கள் தாங்களே ஓடினார்கள். தைத்து அடுக்கியிருந்த பைகளை ஒருவன் கத்தியால் கீறிக்கொண்டே போனான். கீறிய பைகளிலிருந்து யுவதேஜின் முகங்கள் வெளியே வந்து விழுந்தன. அதைப் பார்த்ததும் வெறி இரண்டு மடங்கானது.

"அங்க பார்றா, எத்தனை மொகத்தை அறுத்துப் போட்டிருக்காளுங்க."

"கருப்பு அடிச்சது யாரு?" ரமணா கம்பை ஜமீலாவின் நெஞ்சில் வைத்தான்.

நான் அடிக்கச் சொன்னேன் என்ற பேச்சு அவள் தொண்டைவரை வந்தது. வாய் திறக்கவில்லை.

"நான்தான்பா அடிச்சேன்" என்றார் மாசிலாமணி, வெட்டுப் பலகைக்குப் பின்னாலிருந்து. "மரியாதைக்குத்தான் அடிச்சேன். மொகத்துல கால் படக் கூடாதேன்னு."

"மரியாதை" என்றான் ரமணா. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோரம். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார், விழவில்லை. அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து இழுத்துத் தரையில் போட்டு வயிற்றில் உதைத்தார்கள். ஜமீலா மேலே போய் விழுந்தாள். அவளை யாரோ இடுப்பில் மிதித்துப் புரட்டினார்கள்.

"எந்தக் கையால பூசின?"

மாசிலாமணியின் விரல் இடுக்கில் நகத்தோரம் கருப்புப் பெயின்ட் இன்னும் போகாமல் இருந்தது, வலது கையில். ரமணா அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு சுற்றிலும் பார்த்தான். வளையம் அடிக்கும் பிரஸ் அவன் கண்ணில் பட்டது.

வளையம் அடிக்கும் சத்தம் ஜமீலாவின் காதில் ஒரு நாளைக்கு நானூறு தடவை விழுகிற சத்தம். டக்கென்று வரும், ஃப்ளெக்ஸில் கண் திறந்துவிடும். அன்றைக்கு அந்த டக் வரவில்லை. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒன்று வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையில் பித்தளை வளையம் உட்கார்ந்துகொண்டது. மாசிலாமணி கத்தவில்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கையை வெளியே எடுப்பதற்குள் இன்னொருவன் கம்பை ஓங்கி விரல்களின் மேல் இறக்கினான். அப்போதுதான் கத்தினார்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. போகும்போது அவர்கள் தரையில் சிதறிக் கிடந்த முகங்களின் மேலேயே நடந்து போனார்கள். வேறு வழி இல்லை. இருந்த ஒரே பாதை அது.

அரசு ஆஸ்பத்திரியில் வளையத்தைக் கட்டரால் நறுக்கி எடுத்தார்கள். இரண்டு விரலில் எலும்பு மூன்று மூன்று துண்டாகியிருந்தது. கையில் மட்டும் பதினேழு தையல். நறுக்கிய வளையத்தைப் பஞ்சில் சுற்றி வைத்த டாக்டர், "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே ரிப்போர்ட் எழுதினார். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஜமீலா ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். இந்த மாதம் யுவதேஜ் திருப்பதிக்கு வருகிறார், கொஞ்சம் பொறும்மா என்று எஸ்.ஐ. சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். சாட்சியமாக மண்டியிலிருந்து அந்த விரிப்பும் மடித்துக் கட்டி எடுத்து வரப்பட்டது.

அதற்கு அடுத்த நாள் பட்டறையின் பெயர்ப் பலகைக்கு யாரோ கருப்பு அடித்திருந்தார்கள். நாலாம் நாள் பஸ் ஸ்டாப்பில் நின்ற பவ்யாவின் நெற்றியைக் கல் பிளந்தது. எந்தச் சங்கமும் பழைய பேனர் தரவில்லை.

அப்போதுதான் அக்ஷயா வந்தாள். யுவதேஜ் ஃபவுண்டேஷனில் திட்டங்களைப் பார்ப்பவள், சென்னைப் பெண், முப்பது வயது இருக்கலாம். உடைந்த மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள்.

"மேடம், நான் பொய் சொல்ல வரல. எட்டு மாசமா இந்தத் திட்டத்துக்கு அலையறேன். சார் பட பேனர் எல்லாத்தையும் பையாக்கி, ரெண்டு மாவட்டத்து கவர்ன்மென்ட் ஸ்கூல் பசங்களுக்குக் கொடுக்கணும். ஐயாயிரம் பை. அதைத் தைக்க உங்களைத்தான் நினைச்சு வச்சிருந்தேன். அதுக்குள்ள இது ஆயிடுச்சு."

"அதுக்கு நான் இன்னா செய்யணும்?"

"ராஜியாப் போயிடலாம். கேஸ் வேணாம்னு ஒரு பேப்பர். திருப்பதியில சார் முன்னாலயே ரமணா மன்னிப்பு கேட்பான். கருப்பு அடிச்சது தப்புன்னு நீங்களும் ஒரு வார்த்தை. மாசிலாமணி சார் கைக்குச் சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன், எங்க செலவு. விரல் பழையபடி மடங்கும்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

ஜமீலா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு மாசிலாமணி இடது கையால் இட்லி பிட்டுக்கொண்டிருந்தார்.

"துன்னியா?" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "அண்ணே, கருப்பு அடிக்கச் சொன்னது நான். அன்னைக்கு வாயைத் திறக்கல" என்றாள்.

"சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாதா? எனக்குக் காது நல்லாவே கேக்கும்மா." இட்லியைச் சட்னியில் தேடித் தொட்டார். "நீ போய்ப் பாரு. அந்தாளு மூஞ்சியை நேர்ல பார்த்துட்டு எனக்கு போன் போடு. நாலு வருஷமா வெட்டிக்கினு இருக்கேன், ஒரு தடவை நேர்ல பார்த்ததில்ல. கை என்னுது. நான் சொல்றேன், கையெழுத்து போடறதா வேணாமான்னு."

திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலின் ஆறாம் மாடி. ஃப்ளெக்ஸில் நாற்பது அடி இருக்கும் யுவதேஜ் நேரில் ஜமீலாவைவிட நாலு விரல்தான் உயரம். எழுந்து நின்று கும்பிட்டார். "அக்கா, எங்க பசங்க செஞ்சதுக்கு நான் தலை குனியறேன்" என்று தெலுங்கில் சொன்னார். குரலில் பொய் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. ஜன்னலோரம் ரமணா தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். அவனுக்கு எதிரே கேமராவோடு ஒருவன்.

மேஜை மேல் பேப்பரும் பேனாவும். பக்கத்தில் திறந்திருந்த லேப்டாப்பில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அவள் அதுவரை போனில்தான் பார்த்திருந்தாள். இப்போதுதான் கவனித்தாள். சுமைகூலிக்காரரின் குதிகால் ஹீரோவின் முகத்தில் இல்லை. அது இரண்டு முழம் கீழே, பேனரைக் கட்டிய சங்கத்துக்காரர்களின் ஸ்டாம்பு சைஸ் முகங்கள் வரிசையாக இருக்கும் அடிவரிசையில் இருந்தது. அந்தக் குட்டி முகங்களை மறைக்க வேண்டும் என்று பட்டறையில் யாருக்கும் தோன்றியதே இல்லை. குதிகாலுக்குக் கீழே நசுங்கியிருந்தது ரமணா.

"ரமணா, இது நீதானே?" என்று கேட்டாள்.

அவன் திரையைப் பார்க்காமல் மெல்லச் சொன்னான். "மொதல் தடவை பேனர்ல போட்டாங்கக்கா. அம்மா போய் பார்த்துட்டு வந்துச்சு. அப்புறம் இந்தப் போட்டோவையும் பார்த்துச்சு."

"என்ன முணுமுணுக்கற?" யுவதேஜ் அவன் பக்கம் நடந்தார். சட்டையைப் பிடித்தார். "வயசானவரு கையை உடைக்கறதுக்காடா எனக்கு அபிமானியா இருக்க?" ஓங்கி அறைந்தார். ரமணாவின் தலை ஒருபக்கம் திரும்பியது. மறு கன்னத்தில் ஒன்று.

"சார்," என்றான் கேமராக்காரன், "ஃபோகஸ் போயிடுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பினா மொகத்துல வெளிச்சம் விழும்."

யுவதேஜ் ரமணாவைத் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். அதே வார்த்தைகளை முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது அறை விழுந்தது. மோதிரம் பட்டு உதடு கிழிந்தது. ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. ரமணா குனிந்து அவர் காலைத் தொட்டான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இருந்தது வலி இல்லை. பாஸின் கை தன் மேல் பட்டுவிட்டது என்ற சந்தோஷம்.

"இவன் பேரு என்ன?" என்று யுவதேஜ் அக்ஷயாவிடம் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முடிஞ்சுதுக்கா. திருப்திதானே?" பேனாவை எடுத்து நீட்டினார்.

"ஒரு போன் பேசிட்டு வரேன் சார்."

வராந்தாவில் நின்று நடந்ததை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் வார்டு சத்தம் கேட்டது.

"எத்தனை அடி?" என்றார் மாசிலாமணி.

"மூணு. மூணாவது கேமராவுக்கு."

"எனக்கு மோதிரம் போட்டவனுக்கு அவரு மோதிரத்தால ஒண்ணு. கணக்கு சரியாப் போச்சுன்னு நினைச்சுட்டாரா?" மூச்சு வாங்கினார். "என்னை அடிச்சது கம்பு. அவனை அடிச்சது கை. ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்துதான் வருது. இன்னா அடிக்கிறான் பாரு மனுசன், லைட்டு பார்த்து."

"ஆபரேஷன், அண்ணே. விரல் மடங்கும்னு சொல்றாங்க."

"மடங்காட்டி போகுது" என்றார். "கையெழுத்து போடாதே."

அவள் உள்ளே போய்ப் பேப்பரைத் தள்ளி வைத்தாள். "எங்க அண்ணன் வேணாம்னுட்டாரு சார்."

யுவதேஜுக்குக் கோபம் வரவில்லை. முகத்திலிருந்த சிரிப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். "அக்ஷயா, அடுத்தது யாரு?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

லிஃப்ட் வரை அக்ஷயா கூட வந்தாள். "அந்த வீடியோ வெளியே போகாம நான் பார்த்துக்கறேன் மேடம்."

"போகட்டும்மா. அதுல மூணு அடியும் இருக்குதில்ல."

வீடியோ வெளியே போனது. ஒரு அடிதான் இருந்தது, பின்னால் வயலின் வைத்து. நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். பைத் திட்டம் வேறு ஊருக்குப் போனது. அக்ஷயா அந்த வேலையை விட்டுவிட்டதாக மூன்று மாதம் கழித்து ஒரு மெசேஜ் வந்தது. அதோடு ஒரு சிமென்ட் கம்பெனிக்காரரின் நம்பர். பழைய சாக்கு நிறையக் கிடைக்கும் என்று எழுதியிருந்தாள். மூன்று மெஷினைப் பழுதுபார்த்து ஜமீலா சாக்கில் பை தைக்க ஆரம்பித்தாள். சாக்கில் முகம் கிடையாது. மாசிலாமணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் போட்ட கம்பியோடு விரல் இரண்டும் நீட்டியபடி நின்றுவிட்டன. இடது கையால் வெட்டப் பழகினார். கோடு கோணலாகப் போகும். கோணலுக்கு ஏற்ற மாதிரி ஜமீலா தைத்துக்கொள்வாள்.

கேஸ் திருப்பதி கோர்ட்டில் பிப்ரவரியில் விசாரணைக்கு வந்தது. வேப்பமரத்தடி டீக்கடையில் இவர்கள் இருவரும் நின்றபோது ரமணா வந்து நாலடி தள்ளி நின்றான். இளைத்திருந்தான். சங்கத்தில் இப்போது வேறு செயலாளர். கான்ஸ்டபிள் ஒருவர் கயிறு கட்டிய விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மடிப்பின் ஓரத்தில் கருப்புப் பெயின்ட் தெரிந்தது.

ரமணா அதையே பார்த்தான்.

"அக்கா" என்றான். "கேஸ் முடிஞ்சா அதை உங்களுக்கே திருப்பிக் குடுத்துடுவாங்களாமே."

"அதுக்கு?"

"அடிவரிசையில ஒரு துண்டு மட்டும் வேணும். அம்மா கேக்குது. என்னை வேற எந்தப் பேனர்லயும் போடல."

ஜமீலா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அவன் முகத்தில் அதை விட்டெறியக் கை துறுதுறுத்தது. அதற்குள் மாசிலாமணி வலது கையை அவன் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் ஓரத்தில் வளையம் இருந்த இடம் வட்டமாக, வெளுத்து இருந்தது.

"வெட்டற கை இது" என்றார். "இனிமே இடது கைதான். நீ உள்ள போய் நடந்ததை நடந்தமாதிரி சொல்லு. அப்புறம் வெட்டித் தரேன். கோணலா வரும், பரவால்லயா?"

ரமணா பதில் சொல்வதற்குள் கோர்ட் வாசலில் டவாலி நின்று கூப்பிட்டார். அவன் பெயர், அவன் அப்பா பெயர், ஊர்ப் பெயர். வழக்கப்படி மூன்று முறை, வளாகம் முழுக்கக் கேட்கும்படி.

அவன் நின்றுகொண்டே இருந்தான். மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வாசலை நோக்கி அசைந்தான்.